விரல் ரேகை இனத்தைக் காட்டுமா?

மாணவர்களே, உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உழுத வயலைப்போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் தெரியும். இந்த மேட்டுக் கோடுகளே ரேகைகள். தாயின் வயிற்றில் ஏறத்தாழ 10ஆம் வாரத்துக்குப் பின் தோன்றத் தொடங்கும் இவை, பிறப்பதற்கு முன்பே நிலைபெற்றுவிடுகின்றன. கை வளர்ந்தாலும் அமைப்பு மாறுவதில்லை.

மூன்று வகைகள்

ஒரு பக்கம் நுழையும் ரேகை நடுவில் எழும்பி மறுபக்கம் வெளியேறினால் அது ‘வில்’. நுழைந்த பக்கமே திரும்பினால் ‘வளையம்’. வட்டமாகச் சுற்றினால் ‘சுழி’. பெரியவர்கள் ‘சக்கரம்’ என்பது இதைத்தான்.

உள்ளங்கையிலும் ரேகைகள் உண்டு. மூன்று திசை ரேகைகள் சந்திக்கும் புள்ளிகள் விரல்களின் அடியிலும் மணிக்கட்டை ஒட்டியும் இருக்கும். ஆள்காட்டி விரல், சுண்டு விரல் ஆகியவற்றின் அடியில் உள்ள புள்ளிகளிலிருந்து மணிக்கட்டுப் பக்கப் புள்ளிக்குக் கோடு போட்டால் ஒரு கோணம் கிடைக்கும். ஆய்வாளர்கள் அதை அளக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் கண்டது

நைஜீரியாவின் யொருபா, இக்போ, ஹவுசா மக்களிடம் நடந்த பல ஆய்வுகளில் வளையமே மிகுதி, அடுத்தது சுழி, வில் மிகக் குறைவு. ஐரோப்பியரிடமும் இதே வரிசைதான். ஆனால், தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைநிலத்தில் வாழும் சான் மக்களிடம் வில்லின் பங்கு சற்று அதிகம். ஆக, ஒரே கண்டத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ‘ஆப்பிரிக்க ரேகை’ என்று தனியாக ஒன்று இல்லை.

பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் இனத்துக்கென ஓர் அடையாளம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பல இனத்தவரின் ரேகைகளை ஒப்பிட்டார். எந்த இனத்துக்கும் மட்டுமே உரிய வடிவம் எதுவும் கிடைக்கவில்லை என்று 1892இல் எழுதினார். மூன்று வகைகளும் எல்லா மக்களிடமும் உள்ளன, விகிதம்தான் மாறுகிறது. விகிதம் கூட்டத்தைப் பற்றிப் பேசும். தனி ஆளைப் பற்றிப் பேசாது.

பிறகு எதற்கு ஆய்வு?

டவுன் நோய்க்குறி உள்ள பலருக்கு மணிக்கட்டுப் பக்கப் புள்ளி மேலே தள்ளி அமைவதால் உள்ளங்கைக் கோணம் பெரிதாக இருக்கும். ‘பெரிது’ என்று சொல்ல, வழக்கமான அளவு தெரிய வேண்டும். ஐரோப்பியரின் சராசரியைக் கொண்டு நைஜீரியக் குழந்தையை அளந்தால் முடிவு தவறலாம். எனவே, ஒவ்வொரு மக்களுக்கும் தனித்தனி அளவீடு தேவைப்படுகிறது.

செய்து பாருங்கள்

தாளில் பென்சிலால் அழுத்தித் தேய்த்து, அதில் விரலை உருட்டுங்கள். விரல்மீது ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, வெள்ளைத் தாளில் பதியுங்கள். வகுப்பு நண்பர்களின் ரேகைகளையும் சேர்த்து மூன்று வகைகளையும் எண்ணுங்கள். பிறகு பெயர்களை மறைத்துவிட்டு, எந்த ரேகை எந்த இனத்தவருடையது என்று சொல்ல முயலுங்கள். விடை உங்களுக்கே புரியும்.