காய்ச்சல் தெளியும்வரை வலி மாத்திரை வேண்டாம்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் தருமபுரி மாவட்டத்து மருந்துக்கடைகளில் ஒரே பேச்சுதான். "மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு தம்பி. ராத்திரியெல்லாம் ஜுரம். ஒரு செட் மாத்திரை குடுப்பா." கடைத் தம்பி மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். வெட்டின துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். அந்த உறைக்குள் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும். மார்கழி முடிகிற வரைக்கும் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது அந்த ஒன்றைப் பற்றித்தான். வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று தெரியாமல் அதை விழுங்காதீர்கள்.

எது வலி மாத்திரை? டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், நிமசுலைடு, மெஃபனாமிக் அமிலம், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். ஸ்டீராய்டு சேராத, வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற மருந்துகள். பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. காய்ச்சலைக் குறைக்கும், வலியையும் ஓரளவு குறைக்கும், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக்கையோ நிமசுலைடையோ சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். "பாராசிட்டமால்தானே" என்று நம்பிப் போடுகிறவர் வலி மாத்திரையையும் சேர்த்தே விழுங்குகிறார். அதனால் அட்டையை முழுசாக வாங்கிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரே மருந்து இருக்கிறதா, இரண்டு மூன்று இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு பெயர் இருந்தால் காய்ச்சலுக்கு அது வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் டெங்கு. 2012லும் 2017லும் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது ஒவ்வோர் ஆண்டும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும், ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். தட்டணுக்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தக் கசிவை அடைப்பவை. பெரும்பாலான வலி மாத்திரைகள் அந்த ஒட்டும் தன்மையைக் கெடுக்கின்றன. ஆஸ்பிரின் ஒருமுறை பட்ட தட்டணு அது சாகிற வரை, ஒரு வாரம் பத்து நாள், திரும்ப வேலை செய்யாது. போதாதற்கு இரைப்பையின் உட்பூச்சையும் இந்த மருந்துகள் அரிக்கும். எண்ணிக்கையில் குறைந்த தட்டணுக்கள், அவற்றிலும் ஒட்டாத தட்டணுக்கள், உள்ளே புண்பட்ட வயிறு: இப்படித்தான் டெங்கு நோயாளி ரத்த வாந்தி எடுக்கிற நிலைக்கு வருகிறார்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. டெங்குவில் மோசமான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் வருகிறது. வலி மாத்திரை போட்டவருக்கு வலியும் போய்விடும், உடம்பும் ஆறிவிடும். தேறிவிட்டோம் என்று தக்காளிக் காட்டுக்கோ பெங்களூர் பஸ்ஸுக்கோ கிளம்பிவிடுவார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டிய ஒன்றிரண்டு நாட்கள் அவை.

டெங்கு மட்டுமில்லை. மழையும் குளிரும் சேரும் இந்த மாதங்களில் வட தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் வரும். சித்தேரி, வத்தல்மலை அடிவாரங்களிலும் புதர்க் காடுகளிலும் ஆடு மாடு ஓட்டுகிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு இங்கெல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு, வலியில்லாமல் இருக்கும். அதைக் கண்டால் டாக்டரிடம் அதைக் காட்டிச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போட்டால் சரியாகிற நோய் அது. சேற்று வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக் காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் சதை தொட முடியாதபடி வலிக்கும், கண் சிவக்கும். அந்த வலிக்கென்று டைக்ளோஃபெனாக் ஊசி கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எலிக் காய்ச்சல் முற்றினால் தாக்குவது சிறுநீரகத்தையும் ஈரலையும். அதே சிறுநீரகத்தின் மேல் இந்த ஊசியும் போய் விழுகிறது.

காய்ச்சல் வந்தால் என்னதான் செய்வது? பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சிரப் பாட்டில்கள் ஒரே மாதிரி இருக்காது. 5 மில்லியில் 120, 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. "போன தடவை ஒரு மூடி குடுத்தோம்" என்கிற கணக்கில் புதுப் பாட்டிலை ஊற்றினால் இரண்டு பங்கு போய்விடும். பாட்டில் மேலே உள்ள எண்ணைப் பார்த்தே ஊற்றுங்கள்.

மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம். கஞ்சி, மோர், இளநீர், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த உப்பு சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினால் கண் திறக்காத அசதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. போகும்போது சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை, வெட்டின துண்டாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். தருமபுரிக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே நிறையப் பேருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே வலி மாத்திரை பழக்கமாகியிருக்கிறது. நம் பாறை நிலத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேலான தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பிறகு எலும்பில் இறங்கும். நாற்பது வயதுக்காரருக்குக் கழுத்து திரும்பாது, மோவாய் நெஞ்சில் படாது, குந்தி உட்கார முடியாது. அப்படிப்பட்ட ஒரு பாட்டியின் சுருக்குப் பையைத் திறந்தால் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே மடித்து வைத்த மாத்திரைத் துண்டு கிடக்கும். காலையில் களை எடுக்கப் போவதற்கு முன் ஒன்று, ராத்திரி தூக்கம் வர ஒன்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்குப் போகாமல் முடியாது, குனியாமல் கூலி இல்லை.

ஆனால் அந்த மாத்திரை உள்ளே செய்வதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 1971இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்ற ஆய்வாளர் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1982இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதுதான். இரைப்பைக்கு வழுவழுப்பான காப்பு தருவதும், தண்ணீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். வலி மாத்திரை அது சுரக்கும் வழியையே அடைக்கிறது. முட்டியில் மட்டும் அடைத்து வயிற்றை விட்டுவிட அதற்குத் தெரியாது.

இனிதான் எனக்கு மிகவும் கவலை தருகிற சங்கதி. உடம்பில் சேரும் ஃப்ளோரைடில் கிட்டத்தட்டப் பாதியைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. மூட்டு வலிக்கென்று வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரையால் சிறுநீரகம் பழுதானால் ஃப்ளோரைடு வெளியே போவது குறையும், எலும்பில் இன்னும் சேரும், வலி கூடும். கூடின வலிக்கு இன்னொரு மாத்திரை. நம் கிராமங்களில் இந்தச் சுழலில் சிக்கியவர்கள் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று அறியாமலே இருக்கலாம். தினமும் வலி மாத்திரை போடுகிறவர்கள் இந்த மாதமே அரசு மருத்துவமனையில் கிரியேட்டினின் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். "கூடவே வயித்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கிறேனே" என்பார்கள். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வயிற்றுப் புண்ணைத் தடுக்க உதவும். சிறுநீரகத்தை அவை காப்பாற்றாது.

பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை தருகிற தன்னார்வலரிடம், வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எனலாப்ரில், லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால், வாந்தி பேதி காய்ச்சலில் தண்ணீர் வற்றிய உடம்பில் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடக்கூடும். வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தையும் கூட்டும். ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை 2004இல் அதன் கம்பெனியே உலகச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது இதனால்தான்.

இந்த மருந்துகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுளுக்கு, பல் பிடுங்கிய வலி, மாதவிடாய் வலி, சிறுநீரகக் கல் வலி, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலி, இவற்றில் அவை செய்யும் உபகாரம் பெரிது. டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு, மூன்று நாள் ஐந்து நாள் போட்டு நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு வராது. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு நல்லது. தோலில் தடவும்போது ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், காலை மாலை. பெயரில்லாத பொடி, பெயரில்லாத உருண்டை எதையும் வாங்காதீர்கள். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

கர்ப்பிணிகள், முக்கியமாக ஐந்து மாதம் ஆனவர்கள், டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை தொடக் கூடாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையக்கூடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமசுலைடு கொடுப்பதை இந்தியா 2011இலேயே தடை செய்துவிட்டது. மெஃபனாமிக் அமிலம் போட்டபின் தோலில் தடிப்பும் காய்ச்சலும் நெறி கட்டுதலும் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது.

மழைக்காலத்தில் மாட்டுக்கும் காய்ச்சல் வரும், கோமாரி வரும். மனுஷருக்கு விற்கிற டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். கால்நடைக்கு அது 2006 முதல் தடை. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தே இந்தியா முழுவதும் பெரும்பாலும் அழிந்தன. தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். மாட்டின் வலிக்கும் அது கேட்கும், கழுகுக்கும் கேடில்லை.

கடைசியாகத் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 மே மாதம் முதல் இந்த மாவட்டத்துக்கு வருகிறது. ஃப்ளோரைடுக்கென்றே கொண்டுவந்த திட்டம் அது. குடிக்கவும் சோறு குழம்பு ஆக்கவும் அந்தத் தண்ணீரையே வையுங்கள். போர் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போகட்டும். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு கொசு தேடி வருவது அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டி மறுபடி பிடித்தால் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது டிரம்மைச் சாய்த்து, தேங்காய் நாராலும் சோப்புத் தூளாலும் உள்சுவரை அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிறகு தண்ணீர் பிடித்து, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டிவிடுங்கள்.