டிப் ஸ்டிக் பார்த்தாச்சா?



போன கோடை விடுமுறையில் அப்பாவின் பைக் நடுரோட்டில் நின்றுவிட்டது. "ஆயில் சுத்தமா இல்ல, எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு" என்றார் மெக்கானிக். ஞாயிறுதோறும் ஆயில் பார்ப்பது என் வேலை. மூன்று வாரமாக நான் பார்க்கவே இல்லை. ஆனால் "பார்த்துட்டேன்பா" என்று சொல்லி வந்தேன். நான்கு நாள் அப்பா காய்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அந்த வாரம் மாமா வந்திருந்தார். அவர் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் எஞ்சின் பராமரிப்பு வேலை பார்க்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "பைக் நின்னா ஓரமா தள்ளிட்டுப் போகலாம். ஆகாயத்துல ஓரம் ஏதுடா?" என்றார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த எஞ்சின்?

செஸ்னா 172 என்பது நான்கு பேர் உட்காரும் சிறிய விமானம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் மாணவர்கள் இதில்தான் ஓட்டிப் பழகுகிறார்கள். இதன் 172 எஸ் வகையில் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் 180 குதிரைத்திறன் எஞ்சின். நான்கு சிலிண்டர். காரைப் போல ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

ஆயில் செய்யும் 5 வேலைகள்

1. உராய்வைக் குறைக்கிறது.
2. சூட்டை வாங்கிக் கொண்டுபோய் ஆயில் கூலரில் விடுகிறது.
3. கரியையும் உலோகத் துகளையும் ஃபில்டரில் சேர்க்கிறது.
4. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைக்கிறது.
5. துருப்பிடிக்காமல் காக்கிறது.

பறக்கும் முன்

டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு அளவு பார்க்க வேண்டும். அடித்தொட்டி 8 குவார்ட் கொள்ளும், அதாவது சுமார் 7.5 லிட்டர். 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் கிளம்பக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். வானத்தில் பிரஷர் இறங்கி, ஆயில் சூடும் ஏறினால், பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேர ஓட்டம் அல்லது 4 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது.

"பறக்காம நிக்கிற விமானத்துக்கு எதுக்கு மாமா புது ஆயில்?" என்று கேட்டேன்.

பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் கலந்து அமிலமாகிறது. இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நாள்கணக்கில் சும்மா நின்றால் அதிலுள்ள ஆயில் வடிந்து, துரு பிடிக்கும்.

"அப்போ தரையிலேயே பத்து நிமிஷம் ஓட்டி வெச்சா?"

"அது இன்னும் கெடுதல். ஆயில் நல்லா சூடேறினாத்தான் தண்ணி ஆவியாகும். அரைகுறைச் சூட்டுல தண்ணி சேரத்தான் செய்யும்."

மாற்றும் முறை

1. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்த வேண்டும். சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்து வெளியே கொண்டுவரும்.
2. மேக்னெட்டோ சுவிட்சை ஆஃப் செய்து சாவியை எடுத்துவிட வேண்டும். பிறகுதான் ஆயிலை வடிக்க வேண்டும்.
3. பழைய ஃபில்டரை அதற்குரிய கட்டரால் வெட்டித் திறக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும்.
4. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்துத் துகள் தேட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, எஃகு. ஒட்டாமல் மின்னினால் அலுமினியமாக இருக்கலாம். எந்தப் பாகம் தேய்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.
5. உறிஞ்சு குழாயின் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.
6. புது ஃபில்டரை மாட்டி, கழன்றுவிடாதபடி கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். கம்பி, இறுகும் பக்கமாகவே இழுக்க வேண்டும்.
7. விமான எஞ்சினுக்கு உரிய ஆயிலை மட்டும் ஊற்ற வேண்டும். கார் ஆயில் கூடாது. அதிலுள்ள உலோகச் சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகப் படியும்.
8. எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்த்து, நிறுத்தி, அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசி வேலை, லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. இதைச் சொல்லும்போது மாமா என்னைப் பார்த்தார். "அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒருத்தன் மேலே போறான். பார்க்காம 'பார்த்துட்டேன்'னு போட முடியுமா?" என்றார். நான் தலை குனிந்தேன். பைக்கில் ஆயில் பார்க்காத மூன்று வாரத்தையும் அன்று இரவு அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இப்போது எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஞாயிறுதோறும் ஆயில் அளவை எழுதி வைக்கிறேன், நானே பார்த்த பிறகு.

உங்கள் வீட்டு வண்டியில் ஆயில் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?



– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்