சோப்பு எப்படி வேலை செய்கிறது?

பெங்களூரில் ஈஜிபுரா என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல உண்டு. அப்படி ஒரு வீட்டில் ஒரு தாயும் இரண்டு மகள்களும் வாழ்கிறார்கள். தாய் பக்கத்தில் உள்ள கோரமங்களாவில் நான்கு வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார். பாத்திரம் கழுவுகிறார். துணி துவைக்கிறார். மூத்த மகளுக்கு ஒரு வயதுக் குழந்தை. இளைய மகள் பியூசி படிக்கிறாள்.

தாயின் கைகளில் வெடிப்பு. சோப்பு பட்டால் எரிகிறது. அதனால் வீட்டில் அவர் சோப்பைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டுப் பேரனுக்குச் சோறு ஊட்டுவார். பேரனுக்கு அடிக்கடி பேதி ஆனது.

"அம்மா, சோப்பு போட்டுக் கழுவுங்கம்மா" என்றாள் இளைய மகள்.

"நாள் பூரா இந்தக் கை சோப்புத் தண்ணியிலதானே கெடக்குது? கிருமி எங்க இருந்து வரும்?" என்றார் தாய்.

மகள் வாதாடவில்லை. ஒரு பீட்ரூட்டை எடுத்தாள்.

இரண்டு டம்ளர்

அவள் பீட்ரூட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கினாள். நறுக்கியதில் வந்த சாறு போகும்வரை பல முறை தண்ணீரில் அலசினாள். இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கலந்தாள். இரண்டிலும் துண்டுகளைப் போட்டாள்.

அரை மணி நேரம் போனது. வெறும் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறியிருந்தது. சோப்புத் தண்ணீரோ நன்றாகச் சிவந்துவிட்டது!

"இது ஏன் இப்படிச் சாயம் விடுது?" என்று கேட்டார் தாய்.

செல்லும் அதன் சவ்வும்

எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை. செல் மிகச் சிறியது. பெரும்பாலான செல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது வீட்டுக்குச் சுவர் போல. ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்கின் அளவுதான் அதன் கனம்.

இந்தச் சவ்வு கொழுப்பு வகைத் துகள்களால் ஆனது. ஒவ்வொரு துகளுக்கும் தலை உண்டு, வால் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் துகள்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. வால்கள் உள்ளே மறைந்துகொள்கின்றன. தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்க்கின்றன.

சோப்புத் துகளுக்கும் தலையும் வாலும் உண்டு. அதனால் அது சவ்வுக்குள் எளிதாக நுழைந்துவிடும். நிறைய சோப்பு நுழைந்தால் வரிசை கலையும். சோப்பு, கொழுப்பைச் சிறு உருண்டைகளாகச் சுற்றிக்கொண்டு வெளியேறும். சுவர் இடிந்துவிடும். செல்லுக்குள் இருப்பது வெளியே கொட்டும். பீட்ரூட்டில் கொட்டியது சிவப்புச் சாயம்.

செல்லுக்குள் புரதங்களும் இருக்கின்றன. உடலில் பல வேலைகளைச் செய்பவை அவைதான். சவ்விலேயே பதிந்திருக்கும் புரதங்களும் உண்டு. சுவர் இடியும்போது இவையும் வெளியே வரும். ஆய்வுக்கூடங்களில் புரதத்தை எடுக்க இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். மென்மையான சோப்பு வகை, புரதத்தைக் கெடுக்காமல் எடுக்கும். கடுமையான வகை, புரதத்தின் மடிப்பையே பிரித்துவிடும். சோடியம் லாரில் சல்பேட் அப்படிப்பட்டது. அது பல ஷாம்புகளிலும் பற்பசைகளிலும்கூட இருக்கிறது.

கிருமிக்கு என்ன ஆகும்?

2020-இல் கொரோனா நோய் நம் நாட்டில் பரவியது. கையை 20 நொடி சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார்கள். ஏன்? கொரோனா வைரசைச் சுற்றியும் ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அந்த உறையை உடைத்துவிடும். வைரஸ் செயலற்றுப் போகும்.

எல்லாக் கிருமிகளும் சோப்பால் சாவதில்லை. பேதி உண்டாக்கும் ரோட்டா வைரசுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆனாலும் சோப்பு கையிலுள்ள பிசுக்கைப் பெயர்க்கிறது. பிசுக்கோடு கிருமியும் தண்ணீரில் போய்விடும். வெறும் தண்ணீரால் அந்தப் பிசுக்கு சரியாகப் போகாது.

"வேலை முடிஞ்சதும் கை சுத்தமாத்தான் இருக்கும்மா. அப்புறம் பஸ் கம்பியைப் பிடிக்கிறீங்க. கழிவறைக்குப் போறீங்க. கிருமி திரும்ப ஒட்டிக்கும்" என்றாள் மகள்.

தாய் தன் கைகளைப் பார்த்தார். "அப்போ என் கையும் இந்த பீட்ரூட் மாதிரிதானா?"

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாம்மா. தோலைக் காக்கிற எண்ணெய்ப் பசையைச் சோப்பு எடுத்துடுது. தோலோட புரதத்தையும் கெடுக்குது. அதான் வெடிக்குது."

கையைக் காக்கும் வழி

- சோப்புத்தூள் வேலைக்கு ரப்பர் கையுறை போடவும்.
- சோப்பு போகும்வரை நன்றாக அலசவும்.
- ஈரம் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவவும்.
- கை கழுவக் குளியல் சோப்பு போதும். துணிச் சோப்பு வேண்டாம்.
- வெடிப்பு ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டவும்.

சோப்புத்தூளை அளவாகப் போடுவதும் நல்லது. ஈஜிபுராவுக்கு அருகே ஓடும் ராஜகால்வாய் பெல்லந்தூர் ஏரியில் சேர்கிறது. 2015-இல் அந்த ஏரியில் நுரை பொங்கித் தெருவுக்கு வந்தது. வீடுகளிலிருந்து வந்த சோப்புக் கழிவு அதற்கு ஒரு முக்கிய காரணம். மீனின் செவுளும் செல்களால் ஆனதுதான். சோப்பு அதையும் விடாது.

மறுநாள் தாய், வேலை செய்யும் வீட்டில் வாய்விட்டுக் கேட்டார். "அம்மா, எனக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தாங்க." வாங்கித் தந்தார்கள். மற்ற மூன்று வீடுகளிலும் கேட்கப் போகிறார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தார். குளியல் சோப்பை எடுத்தார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். கொஞ்சம் எரிந்தது. நன்றாக அலசித் துடைத்தார். பிறகு பேரனை மடியில் வைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள்

1. பீட்ரூட் எந்தத் தண்ணீரில் அதிகம் சாயம் விட்டது? ஏன்?
2. நீங்கள் எப்போதெல்லாம் சோப்பு போட்டுக் கை கழுவுகிறீர்கள்?
3. உங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது?