ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு டிஸ்க் ஆபரேஷன்; முடிக்கும்போது நரம்பின் மேல் ஸ்டீராய்டு மருந்தும் வைப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘ஸ்டீராய்டா? சீழ் பிடித்துவிடும்’ என்று அக்கம்பக்கத்தில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: மூன்று வாரத்துக்கு முன் வேறொரு இடத்தில் அம்மா முதுகில் ஊசி போட்டுக்கொண்டார்; கோபித்துக்கொள்வாரோ என்று இந்த டாக்டரிடம் சொல்லவில்லை.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான்.

நசுங்கிய நரம்பின் வீக்கத்தை ஸ்டீராய்டு வடியவைக்கும். ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி தணியும். ஆனால் வீக்கம் என்பது கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்கள் திரண்டு வருவதும்தான். ஒன்றை அடக்கினால் மற்றதும் கொஞ்சம் அடங்கும். சர்க்கரையும் ஏறும். ஆபரேஷனின்போது ஒரு தடவை வைக்கும் மருந்தால் பல ஆய்வுகளில் தொற்று பெரிதாகக் கூடவில்லை, சிலவற்றில் கூடியிருக்கிறது. வைப்பதா வேண்டாமா என்பதை ஆளைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

ஆபரேஷனுக்கு முன்கூட்டியே போட்ட ஸ்டீராய்டு ஊசியின் கதை வேறு. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை அலசியவர்கள், ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தவர்களிடம் தொற்று கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். மூன்று மாதம் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை.

உங்கள் தம்பி காட்டியதாக நீங்கள் எழுதியிருந்த செய்தியும் உண்மைதான். 2012இல் மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக்கூடம் தயாரித்த ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை கலந்துவிட்டது. 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அது ஆபரேஷனில் வந்த வினையல்ல, குப்பியிலேயே இருந்த அசுத்தம்.

நாளையே பழைய சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அம்மாவின் சர்க்கரை அளவு மூன்றையும் சொல்லுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ காத்திருக்க நேரமிருக்காது. அப்போதும் ஊசி விவரம் தெரிந்தால் அவர் கூடுதல் கவனமாக இருப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, குறைந்த வலி மறுபடி ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.

டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்