குழாய் நீரும் பாதுகாப்பு வரம்பும்

நகர மக்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் வழங்குவது உள்ளாட்சி அமைப்புகளின் தலையாய கடமைகளுள் ஒன்று. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையிலும் நீர் வழங்கல் இடம்பெற்றுள்ளது. நீரின் அளவைப் பற்றிப் பேசும்போது நாம் துல்லியமாகவே பேசுகிறோம். கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் அனைவரும் அறிந்த கணக்கு. ஆனால் நீரின் தரத்தைப் பற்றிய பேச்சு 'நல்ல தண்ணீர்', 'கெட்ட தண்ணீர்' என்னும் அளவிலேயே நின்றுவிடுகிறது. தரத்திற்கும் எண்கள் உண்டு. அந்த எண்கள் எவ்வாறு வகுக்கப்பட்டன, அவற்றுள் எதற்கு முதலிடம், அவற்றை எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரம்புகள் கூறுவது என்ன?

நம் நாட்டில் குடிநீருக்குரிய தரநியமம் 'ஐ.எஸ். 10500' என்பதாகும். இது முதன்முதலாக 1983-இல் வெளியிடப்பட்டது. 1991-இலும் 2012-இலும் திருத்தியமைக்கப்பட்டது. இதை வகுத்தளிப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம். பெரும்பாலான பொருள்களுக்கு இந்நியமம் இரண்டு எண்களைத் தருகிறது. முதலாவது ஏற்கத்தக்க வரம்பு. இரண்டாவது, வேறு நீராதாரம் கிடைக்காத இடத்தில் மட்டும் அனுமதிக்கத்தக்க வரம்பு. சில பொருள்களுக்கு இரண்டாவது எண்ணே கிடையாது. அங்கே தளர்வுக்கு இடமில்லை.

2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி முக்கியமான சில வரம்புகள் வருமாறு (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், முதல் எண் ஏற்கத்தக்கது, அடுத்தது அனுமதிக்கத்தக்கது):

கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்கள்: 500, 2,000
மொத்தக் கடினத்தன்மை: 200; 600
குளோரைடு: 250, 1,000
புளோரைடு: 1.0; 1.5
நைட்ரேட்: 45, தளர்வு இல்லை
ஈயம்: 0.01, தளர்வு இல்லை
கலங்கல் (இதற்குரிய தனி அலகில்): 1, 5
ஈ. கோலி நுண்ணுயிர்: 100 மில்லிலிட்டர் நீரில் காணப்படலாகாது

இந்த அளவுகள் எவ்வளவு நுண்ணியவை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு கிராம். ஈயத்திற்குரிய வரம்போ ஒரு லட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம். கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவு இது. தெளிந்த நீர் தூய நீர் என்னும் நம் பழைய நம்பிக்கை இவ்விடத்தில் பயன்படாது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

நாட்டுக்கு நாடு வரம்புகள் வேறுபடுவதைக் கண்டு சிலர் ஐயுறுவர். அவ்வேறுபாடுகளுள் ஒரு பகுதி வெறும் அலகு வேறுபாடே. அமெரிக்க நாட்டில் நைட்ரேட்டுக்குரிய வரம்பு 10 மில்லிகிராம். நம் நாட்டில் 45. நாம் நான்கு மடங்குக்கு மேல் நச்சை அனுமதிப்பதாக இது தோன்றலாம். உண்மை அதுவன்று. அமெரிக்கர் நைட்ரேட்டில் அடங்கிய நைட்ரஜனை மட்டும் கணக்கிடுகின்றனர். நாம் நைட்ரேட் முழுவதையும் கணக்கிடுகிறோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். நைட்ரேட் முழுவதையும் கணக்கிடும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எண் 50.

வேறு சில வேறுபாடுகள் மெய்யானவை. புளோரைடு லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை இருப்பதை அமெரிக்கச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. நம் நியமம் 1.0 என்றும், வேறு வழியில்லாவிடத்து 1.5 என்றும் கூறுகிறது. வெப்ப நாட்டில் உழைக்கும் மனிதன் நாள்தோறும் அதிக நீர் பருகுகிறான். ஆகவே அதே செறிவுள்ள நீர் அவன் உடலில் அதிகப் புளோரைடைச் சேர்க்கும். பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய் இங்கே குறைந்த செறிவிலேயே தோன்றக்கூடும்.

அறிவு வளர வரம்பும் மாறுகிறது. ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என நெடுங்காலம் கருதப்பட்டுவந்த அளவை உலக சுகாதார நிறுவனம் 1993-இல் 0.01 எனக் குறைத்தது. 2012-ஆம் ஆண்டின் இந்திய நியமமும் அதனையே ஏற்கத்தக்க வரம்பாகக் கொண்டது. ஆகவே ஓர் ஆய்வறிக்கையைப் படிக்கும்போது அது எந்த ஆண்டின் வரம்போடு ஒப்பிடுகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இருவகை ஆபத்து

வேதிப்பொருள்களுக்குரிய வரம்புகளுள் பெரும்பாலானவை ஒருவர் வாழ்நாள் முழுவதும் அந்நீரைப் பருகுவார் என்னும் அடிப்படையில் கணக்கிடப்பட்டவை. சராசரியாக 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பருகுவதாகக் கொண்டு, அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியும் விட்டு, எண்ணை வகுக்கின்றனர். ஆதலால் ஒரு வாரம் கடினத்தன்மை 250 ஆக இருந்தது என்பதற்காக எவரும் நோயுறுவதில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் கொடிய பொருள். எனினும் அதன் தீங்கும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து விளைவது. பச்சிளங் குழந்தைகளைப் பொறுத்தவரை நைட்ரேட் இதற்கு ஒரு விலக்கு.

நோய்க்கிருமிகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு வாழ்நாள் வேண்டியதில்லை. ஒரு குவளை போதும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை ஒரே நாளில் ஒரு தெருவையே படுக்க வைக்கக்கூடியவை. ஈ. கோலிக்கு நியமம் எந்தத் தளர்வும் தராததன் காரணம் இதுவே. மனிதரின், விலங்குகளின் குடலில் வாழும் இந்நுண்ணுயிர் நீரில் காணப்பட்டால், அந்நீரில் மலக்கழிவு கலந்துள்ளது என்பது பொருள்.

இவ்விரு ஆபத்துகளும் மோதும் இடமும் உண்டு. கிருமிகளைக் கொல்லும் குளோரின், நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு கூடிக் குளோரோபார்ம் போன்ற துணைப்பொருள்களை உண்டாக்குகிறது. 1974-இல் தெரியவந்த இவ்வுண்மையைக் காட்டிக் குளோரினையே குறைக்க வேண்டும் என்பார் உளர். குளோரோபார்முக்கும் நம் நியமத்தில் வரம்பு (0.2 மில்லிகிராம்) இருக்கிறது. ஆனால் துணைப்பொருளைக் குறைப்பதற்காகக் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான அறிவுரை. குளோரின் சேர்க்கும் முன்பே நீரை நன்கு வடிகட்டிக் கரிமப் பொருளை நீக்குவதே முறை.

தில்லி கற்பித்த பாடம்

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லி மாநகரில் பெரும் காமாலை நோய் பரவியது. ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வெளிப்படையாகத் தோன்றியதாகக் கணக்கிடப்பட்டது. வெள்ளத்திற்குப் பின் யமுனை தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டது. அதனால் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர், வஜீராபாதில் குடிநீர் எடுக்கும் இடத்தை நோக்கிப் பின்னேறிக் கலந்தது. நீரேற்று நிலையத்தினர் வாளாவிருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினர். அதனால் டைஃபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆயினும் காமாலை வைரஸ் தப்பிச் சென்றது. அது இன்று 'ஹெபடைடிஸ் ஈ' எனப்படும் வகையைச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறியப்பட்டது.

ஒரு சோதனையில் நீர் தேறியது என்பது எல்லா ஆபத்துகளிலிருந்தும் தப்பியது என்று பொருள்படாது என்பது இதனால் விளங்கும். எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருத்தல் வேண்டும் என்றும், வைரஸ் தொற்றிலிருந்து காப்பு தேவைப்படும்போது அது 0.5 ஆக இருத்தல் வேண்டும் என்றும் இன்றைய நியமம் கூறுகிறது. இந்த அளவை நுகர்வோரின் முனையில் சோதிக்க வேண்டும் என்றும் அது குறிப்பிடுகிறது.

நிலையத்திற்கும் குழாய்க்கும் இடையே

நுகர்வோர் முனை என்னும் இச்சொல்லே இப்பொருளின் மையம். சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் எடுத்த நீர் எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டிருக்கலாம். அங்கிருந்து பல கிலோமீட்டர் நிலத்தடிக் குழாயில் பயணம் செய்த பின்னரே அது வீட்டை அடைகிறது. நம் நகரங்கள் பெரும்பாலானவற்றில் நாளுக்குச் சில மணி நேரமே நீர் விடப்படுகிறது. நீர் நின்றதும் குழாயில் அழுத்தம் வீழ்கிறது. பழுதுபட்ட இணைப்புகளின் வழியாக வெளியே கசிந்த அதே துளைகளின் வழியாக, அருகில் ஓடும் சாக்கடையின் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வீடுகளில் குழாயோடு நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதும் இதே தீமையைப் பெருக்குகிறது.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரில் சில வட்டாரங்களுக்கு 24 மணி நேரமும், ஏனையவற்றுக்கு இடைவிட்டும் நீர் வழங்கப்பட்டுவந்தது. அங்கு ஓராண்டுக்கு மேல் மேற்கொள்ளப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வின் முடிவு கருதத்தக்கது. இடைவிட்டு வழங்கிய பகுதிகளின் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 32 அளவில் ஈ. கோலி காணப்பட்டது. தொடர்ந்து வழங்கிய பகுதிகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நகரம் ஒன்றே, வழங்கும் முறை மட்டுமே வேறு.

2019-ஆம் ஆண்டின் ஆய்வு

2019 நவம்பரில் தர நிர்ணய அமைவனம் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய் நீரைச் சோதித்து அறிக்கை அளித்தது. மும்பையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறின. தில்லியின் 11 மாதிரிகளும் சென்னையின் 10 மாதிரிகளும் தேறவில்லை. இது பெரும் விவாதத்தை எழுப்பியது. கோடிக்கணக்கானோர் வாழும் நகரத்தைப் பத்து மாதிரிகளால் மதிப்பிடலாமா என்னும் வினா நியாயமானதே. 'தேறவில்லை' என்னும் ஒரே சொல் கடினத்தன்மை சற்று மிகுந்த நீரையும் மலக்கழிவு கலந்த நீரையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆயினும் மாதிரிகள் வீட்டுக் குழாய்களில் எடுக்கப்பட்டன என்பதே இவ்வாய்வின் சிறப்பு. அப்போது இந்நியமம் நகராட்சிக் குழாய் நீருக்குச் சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை என்பதும் இதனால் பலருக்குத் தெரியவந்தது.

இல்லங்கள் செலுத்தும் மறைமுக வரி

குழாய் நீரில் நம்பிக்கை குறைந்த இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த வேண்டியதாகிறது. வசதியுள்ளவர் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவியை வாங்குகின்றனர். நடுத்தரக் குடும்பம் கேன் நீரை வாங்குகிறது. ஏழைகள் கிடைத்த நீரைப் பருகி, நோய்க்கும் இழந்த கூலிக்கும் விலை கொடுக்கின்றனர். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாத இவ்வரி, வருமானம் குறையக் குறைய கூடுதலாக அழுத்துவது.

இச்செலவில் ஒரு பகுதி தேவையற்றதும்கூட. விற்பனையாளர் கையில் வைத்திருக்கும் 'டி.டி.எஸ்.' அளவுமானி நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு கரைந்த உப்புகளை மதிப்பிடுகிறதேயன்றி, கிருமிகளையோ வரம்பளவிலான ஈயத்தையோ ஆர்சனிக்கையோ காட்டாது. இரும்பு மின்முனைகளை நீரில் இறக்கிப் பழுப்பு வண்டல் உண்டாவதைக் காட்டுவதும் உண்டு. அந்த வண்டல் கரைந்த இரும்பிலிருந்து வருவது, நீரின் அழுக்கன்று. மேலும் இக்கருவி ஒரு லிட்டர் நீரைத் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரை வீணாக வெளியேற்றுவது வழக்கம். கரைந்த திடப்பொருள்கள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இதன் பயன்பாட்டைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பணித்தது இதனாலேயே.

கொதிக்க வைத்தல் கிருமிகளுக்கு எளிய, உறுதியான மருந்து. ஆனால் அது நைட்ரேட்டையும் புளோரைடையும் நீக்காது. எந்தக் கேடு உள்ளது என்று அறிந்த பின்னரே எந்தப் பரிகாரம் வேண்டும் என்று முடிவு செய்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, சோதனையின் இடம் மாற வேண்டும். நிலையத்தின் வாயிலோடு நில்லாமல், குழாய்த் தொடரின் கடைக்கோடி வீடுகளில் எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளத்தல் வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சில துளி வினைபொருளும் நிற அட்டையும் போதும். குளோரின் இல்லையென்றால் வழியில் ஏதோ கலந்திருக்கலாம் என்பதற்கு அது முதல் எச்சரிக்கை.

இரண்டாவதாக, முடிவுகளை வட்டம் வாரியாக மக்களுக்கு வெளியிடுதல் வேண்டும். தேறியது, தேறவில்லை என்று மட்டும் கூறாமல், எந்தப் பொருள், எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று கூறினாலே மக்கள் உரிய பரிகாரத்தைத் தேர்ந்துகொள்வர்.

மூன்றாவதாக, முதலீட்டின் வரிசை மாற வேண்டும். புதிய சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்துவைப்பது எளிதில் கண்ணுக்குத் தெரியும் சாதனை. மண்ணுக்கடியில் பழைய குழாயை மாற்றுவது அப்படியன்று. ஆயினும் இரண்டாவதே பல நகரங்களில் அதிக உயிர்களைக் காக்கும். குழாயிலிருந்தே நேராகப் பருகத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் 2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி நகரில் தொடங்கப்பட்டது. யாத்திரிகர் பெருந்திரளாகக் கூடும் ஒரு நடுத்தர நகரம் இம்முயற்சியை மேற்கொண்டதால், இது பெருநகரங்களுக்கு மட்டும் உரியது என்று எவரும் ஒதுங்க முடியாது.

மக்களின் பங்கும் உண்டு. குழாயோடு நேராக மோட்டார் பொருத்துவதைத் தவிர்த்தல், நிலத்தடித் தொட்டியைக் காலந்தோறும் கழுவுதல், நீரின் நிறமோ மணமோ மாறினால் உடனே புகார் செய்தல், இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைச் சிறிது வெளியேற்றிய பின் பிடித்தல் ஆகியவை செலவில்லாக் காப்புகள்.

வரம்பு என்பது ஏட்டில் எழுதிய எண்ணாக மட்டும் இருப்பின் அது எவரையும் காப்பதில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் அதை அளந்து, அளந்ததை அத்தெருவினர் அறியச் செய்யும்போதுதான் அது பாதுகாப்பு வரம்பு என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.