மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வருகின்றன. மாணவர்கள் முதலில் பார்ப்பது தாளின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய எண்ணைத்தான். அதைப் பார்த்ததும் பலர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். வெப்பமானியைப் பார்த்து "102 டிகிரி" என்று குறித்துக்கொண்ட மருத்துவர் அத்துடன் எழுந்து போய்விட்டால் நோயாளியின் கதி என்ன? காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும். அது மலேரியாவா, டைபாய்டா என்று சொல்லாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். குறை இருக்கிறது என்று அது சொல்லும். குறை எங்கே, ஏன் என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வகுப்பில் தேடும் வழி என்ன? அதற்கும் அறிவியல் முறை உண்டு. அதை இங்கே காண்போம்.

ஒரே சராசரி, இரு வேறு நோய்கள்

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே உள்ள பெருங்களத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒன்பதாம் வகுப்பில் 'அ', 'ஆ' என இரு பிரிவுகள்; பிரிவுக்கு 40 பேர். இரு பிரிவினருக்கும் ஒரே கணக்கு கொடுக்கப்படுகிறது: "மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மின்சார ரயில் 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் செல்லும்?"

விடை 3 கிலோமீட்டர். இரு பிரிவிலும் சரியாக எழுதியவர்கள் 14 பேர். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் இரு வகுப்பும் ஒன்றே. தவறான விடைகளை வகை பிரித்து எண்ணினால் என்ன தெரிகிறது?

'அ' பிரிவில் 18 பேர் "180 கிலோமீட்டர்" என்று எழுதியிருக்கிறார்கள். 5 பேர் வேறு விடைகள். 3 பேர் எழுதவே இல்லை. 'ஆ' பிரிவில் 6 பேர் வெவ்வேறு விடைகள். 20 பேர் எழுதவே இல்லை.

180 எப்படி வந்தது? 36-ஐ 5-ஆல் பெருக்கியதால் வந்தது. வேகத்தை நேரத்தால் பெருக்க வேண்டும் என்பது அந்த 18 பேருக்கும் தெரியும். நிமிடத்தை மணியாக மாற்ற வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பாடம் முழுவதையும் மறுபடி நடத்த வேண்டியதில்லை. அலகு மாற்றத்தை மட்டும் ஒரு பாடவேளையில் விளக்கினால் போதும். 'ஆ' பிரிவுக்கு இந்த மருந்து பயன்படாது. அங்கே 20 பேர் தாளை வெறுமையாக விட்டது ஏன்? நேரம் போதவில்லையா? வினாவே விளங்கவில்லையா? அந்தப் பாடம் நடந்த நாளில் பலர் வரவில்லையா? வெற்றுத்தாள் இதற்குப் பதில் சொல்லாது. மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"புரிந்ததா?" "புரிந்தது, சார்!"

கேட்டால் சொல்வார்களா? "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டதும், "புரிந்தது, சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்வதை நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். கடைசி வரிசையில் விளங்காமல் உட்கார்ந்திருப்பவனும் அந்தக் குரலில் சேர்ந்துகொள்கிறான். நண்பர்கள் சிரிப்பார்களோ, ஆசிரியர் கோபிப்பாரோ என்ற அச்சம்! எனவே கேள்வியைக் கேட்கும் முறையை மாற்ற வேண்டும்.

எளிய வழி, பெயர் எழுதாத சீட்டு. பாடவேளை முடியும்போது ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதுகிறார்கள்: இன்று விளங்கியது எது? விளங்காதது எது? 40 சீட்டுகளையும் குவியல் குவியலாகப் பிரித்தால், பெரிய குவியல் எதுவோ அங்கேதான் மறுநாள் பாடம் தொடங்க வேண்டும்.

கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்காகக் கணிதம் ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்க அறிஞர் காட்டிய வழியின் எளிய வடிவம் இது.

ஒவ்வொரு மாணவரும் பிறர் காணாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேள்வி: "இந்தப் பாடம் உனக்கு விளங்கவில்லையா?"

200 மாணவர்களில் 140 பேர் "ஆம்" என்றார்கள் எனக் கொள்வோம். ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்கள் சொன்ன 100 "ஆம்" நாணயத்தின் பதில். மீதி 40 "ஆம்", பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தவை. ஆகவே நூற்றுக்கு 40 பேருக்குப் பாடம் விளங்கவில்லை. ஆனால் "ஆம்" என்ற ஒருவரைப் பிடித்து, "உனக்கு விளங்கவில்லை, அப்படித்தானே?" என்று யாரும் கேட்க முடியாது. அது நாணயம் சொன்ன பதிலாகவும் இருக்கலாம் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. 200 முறை சுண்டினால் சரியாக 100 தலை விழும் என்பதில்லை. 93-உம் விழலாம், 107-உம் விழலாம். ஆட்கள் குறைந்தால் பிழையின் விகிதம் கூடும். ஆகவே இம்முறை ஒரு வகுப்பைவிடப் பள்ளி முழுமைக்கே பொருத்தம்.

வருகைப் பதிவேடும் மழையும்

புள்ளிவிவரத்தைத் தவறாகப் படித்தால் அநியாயம் நேரும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சில மாணவர்களின் வருகை குறைகிறது. "அக்கறையற்றவர்கள்" என்று முடிவு கட்டிவிடலாமா? வராதவர்களின் தெருக்களை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் எங்கும் சிதறியிருந்தால் காரணம் ஆளுக்கு ஒன்றாக இருக்கலாம். எல்லாம் முடிச்சூர்ப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களிலேயே கூடியிருந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்பகுதி வீடுகளை நீர் சூழ்ந்தது நினைவுக்கு வரவேண்டும். அங்கே குற்றவாளி மாணவன் அல்லன்; தேங்கி நிற்கும் மழைநீர். அந்த நாட்களில் நடந்த பாடத்தை அவர்களுக்கு மீண்டும் நடத்த ஏற்பாடு செய்வதே தீர்வு; கண்டிப்பு அன்று.

அளந்தால் மட்டும் போதுமா?

இத்தனை விவரங்களையும் திரட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் பள்ளி தானே முன்னேறிவிடுமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-06-ஆம் கல்வியாண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 100 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, யாருக்கு எதில் குறை என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்திய ஆய்வு இது. பார்வையாளர்கள் சென்றபோது ஆசிரியர்கள் ஊக்கமாகப் பாடம் நடத்துவதாகத் தெரிந்தது. ஆனால் ஆண்டு முடிவில், அறிக்கை பெறாத பள்ளி மாணவர்களைவிட இவர்கள் கூடுதலாக எதுவும் கற்றிருக்கவில்லை!

மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்த வேறொரு முயற்சியைப் பாருங்கள். பின்தங்கிய குழந்தைகளைக் கண்டறிந்ததோடு நில்லாமல், அவ்வூர் இளம்பெண்களைப் பயிற்றுவித்து, நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அக்குழந்தைகளுக்குத் தனியே அடிப்படைப் பாடம் நடத்தினார்கள். மதிப்பெண்கள் உயர்ந்தன.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வு, 2021 டிசம்பரில் அவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடாயிற்று. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை நேரங்களில் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் கிடைத்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இவை கீழ் வகுப்புகளில் கண்ட முடிவுகள். உயர்நிலை வகுப்புகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு: அளவீடு பயன்தர வேண்டுமானால், அதற்கேற்ப மறுநாள் பாடம் மாற வேண்டும், அதற்கு நேரமும் ஆளும் ஒதுக்க வேண்டும். வெப்பமானி காய்ச்சலைக் குறைப்பதில்லை, மருந்துதான் குறைக்கிறது.

செய்து பாருங்கள்

1. அடுத்த தேர்வுத்தாள் வந்ததும் நீங்கள் மதிப்பெண் இழந்த இடங்களை நான்காகப் பிரியுங்கள்: கருத்து விளங்காதது, கவனக் குறைவு, வினா விளங்காதது, நேரம் போதாதது. எந்த வகை மிகுதி?

2. ஆசிரியரின் அனுமதியுடன் ஒரு வாரம் பெயரில்லாச் சீட்டு முறையை நடத்துங்கள். ஒவ்வொரு நாளும் பெரிய குவியல் எது என்று கரும்பலகையில் எழுதுங்கள். மறுநாள் அது சிறுத்ததா?

3. நாணய முறையில் 300 பேரில் 180 பேர் "ஆம்" என்றனர். உண்மையில் பாடம் விளங்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? (விடை: 20)

விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வது குறையன்று. உங்கள் பள்ளிக்கு நீங்கள் தரக்கூடிய மிகச் சரியான அளவீடு அதுவே.