தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன் பரீட்சைத் தாளுடன் முகம் வாடி வந்து நின்றான். "மைதானத்தை ஒரு சுற்று ஓடினால் 400 மீட்டர். டிஸ்பிளேஸ்மென்ட்டும் 400 என்று எழுதினேன். தப்பாம். சைபர் என்கிறார்கள். அப்படியென்றால் ஓடியது பொய்யா, தாத்தா?" என்றான். கேள்வி நியாயமானதுதான். ரயில்வேயில் காலம் கழித்தவனாகையால் ரயிலைக் கொண்டே விளக்கினேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கடந்து வந்த பாதையின் மொத்த நீளம் தூரம். புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்கோட்டில் உள்ள நீளமும், அதன் திசையும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி. தூரத்துக்குத் திசை இல்லை, அது ஸ்கேலர். இடப்பெயர்ச்சிக்குத் திசை உண்டு; அது வெக்டர்.

வடக்கே வசிக்கும் நம்மில் பலர் கோடையில் போகும் கால்கா - சிம்லா பாதையைப் பாருங்கள். 1903-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதையின் நீளம் சுமார் 96 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால், கால்காவுக்கு வடகிழக்கே சுமார் 36 கி.மீ.தான் சிம்லா. தூரம் 96, இடப்பெயர்ச்சி வடகிழக்கே 36.

மீதி 60 கி.மீ. வீணா? இல்லை. கால்காவைவிடச் சிம்லா 1,400 மீட்டருக்கு மேல் உயரம். நேராகப் போட்டால் சராசரியாக 25 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற வேண்டும். வளைத்து வளைத்துப் போட்டதால் அது சுமார் 67-க்கு 1 ஆகக் குறைந்தது.

வண்டி ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 19 கி.மீ. சராசரித் திசைவேகமோ வடகிழக்கே சுமார் 7 கி.மீ.தான். முன்னதற்குத் தூரத்தை வகுக்க வேண்டும், பின்னதற்கு இடப்பெயர்ச்சியை.

இதில் நானும் ஒருமுறை தவறியவன். வேலையில் சேர்ந்த புதிதில், இரண்டு சிக்னல் கம்பங்களுக்கு இடையே பிளானில் நேர்கோடு போட்டு அளந்து கேபிள் கேட்டு எழுதினேன். கேபிள் போகும் பள்ளமோ வளைந்து போயிற்று. கேபிள் போதவில்லை. மேலதிகாரியிடம் வாங்கிய வசவு இன்றும் காதில் இருக்கிறது.

பேரன் யோசித்துவிட்டு, "வருஷா வருஷம் ஊருக்குப் போய்த் திரும்புகிறோமே, அதுவும் சைபரா?" என்றான். இயற்பியலில் சைபர்தான். ஆனால் டிக்கெட்டுக்குப் பணம் வாங்குவது தூரத்துக்கு. பாட்டியைப் பார்த்து வந்தது எந்தக் கணக்கிலும் வராது.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: கிழக்கே 3 கி.மீ., பிறகு வடக்கே 4 கி.மீ. நடந்தால் தூரம் என்ன, இடப்பெயர்ச்சியின் அளவு என்ன? படம் போட்டுப் பார்க்கட்டும். 7-ம் 5-ம் வந்தால் பாடம் புரிந்துவிட்டது.